தூரம் சுடும் பழைய வாத்துத் துப்பாக்கிகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

அமெரிக்க வாத்து வேட்டையில் 1920-களும் 30-களும் தனிக் காலம். வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனியின் சூப்பர்-எக்ஸ் தோட்டா, மெதுவாக எரியும் வெடிமருந்தைக் கொண்டு 1¼ அவுன்ஸ் ரவையை (சிறு ஈயக் குண்டுகளை) அதிகம் நசுங்காமல் தூரத்துக்கு அனுப்பியது. அந்த மாதிரித் தோட்டாவை மனத்தில் வைத்தே பிலடெல்ஃபியாவின் ஏ. எச். ஃபாக்ஸ் கம்பெனி 1923-இல் ஹெச்.இ. கிரேடு 'சூப்பர்-ஃபாக்ஸ்' இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு எல். சி. ஸ்மித்தின் 'லாங் ரேஞ்ச் வைல்ட் ஃபௌல்' வந்தது. 1932-இல் 3½ அங்குலத் தோட்டா போடும் இத்தாக்கா மேக்னம் 10 போர் (போர் என்பது குழல் விட்டத்தின் அளவு), 1935-இல் வின்செஸ்டர் மாடல் 12 'ஹெவி டக்' என்ற ஒற்றைக்குழல் பம்ப் துப்பாக்கி. எல்லாமே கனமானவை, நீளக் குழல் கொண்டவை, சோக் (குழல் வாயருகே உள்ள நெருக்கம்) இறுக்கமானவை.

இவை இன்றும் சதுப்புக்குப் போய் வருகின்றன. 'கோளாறு' என்று பட்டறைக்கு வருபவற்றைப் பார்த்தால், துப்பாக்கி எதிர்பார்ப்பது ஒரு தோட்டாவாகவும் உள்ளே போட்டது வேறொரு தோட்டாவாகவும் இருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி தோட்டாவைப் பற்றியதுதான். திருப்புளி அதற்குப் பிறகு. அரம் கடைசியிலும் வேண்டாம்.

(இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாத்து வேட்டைக்கு இடமில்லை. இங்கே சொல்வது அமெரிக்கச் சூழலுக்கு.)

தொடங்குமுன்

குழலைத் திறந்து இரு அறையும் (தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மாடல் 12 என்றால் அடியிலுள்ள மேகசினையும் சேர்த்துப் பாருங்கள். தோட்டாக்களை வீட்டின் வேறொரு அறையில் வையுங்கள். விசையை இழுத்துப் பார்க்கும் சோதனை எல்லாவற்றையும் ஸ்னாப் கேப் எனப்படும் பொய்த் தோட்டா போட்டே செய்ய வேண்டும். ஃபாக்ஸில் சுத்தியலும் ஊசியும் ஒரே துண்டு எஃகு. வெறுமனே தட்டித் தட்டி அதன் முனை உடைந்தால் கடையில் போய் வாங்கிவர முடியாது.

'டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, வெடிக்கவில்லை

உடனே திறக்காதீர்கள். குழல் ஆபத்தில்லாத திசையை நோக்கியபடியே 30 விநாடியாவது நில்லுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அரிது, ஆனால் உண்டு.

பிறகு எடுத்து ப்ரைமரை, அதாவது தோட்டாவின் அடியில் ஊசி அடித்துத் தீ மூட்டும் மூடியை, பாருங்கள். பள்ளம் ஆழமாகவும் நடுவிலும் இருந்தால் தோட்டாவில்தான் பிசகு. அதே பெட்டியிலிருந்து வேறொன்று போட்டுப் பாருங்கள். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் அடி பலமாக விழவில்லை. எப்போது விழவில்லை என்பதுதான் இங்கே துப்பு. வீட்டில் நன்றாக அடிக்கிறது, டிசம்பர் விடியலில் மட்டும் அடிக்கவில்லை என்றால், முக்கால் நூற்றாண்டாக யார் யாரோ ஊற்றிய எண்ணெய் உள்ளே அரக்காகிக் குளிரில் இறுகியிருக்கிறது. ஸ்பிரிங் மாற்ற வேண்டியதில்லை. அடிக்கட்டையைக் கழற்றத் தெரிந்த பட்டறைக்காரரிடம் கொடுத்து உட்பாகங்களைக் கழுவி, குளிரில் கெட்டியாகாத மெல்லிய எண்ணெயைப் பூச்சாக மட்டும் இடச் சொல்லுங்கள். 'பழைய துப்பாக்கி, நிறைய எண்ணெய் கேட்கும்' என்ற நம்பிக்கைதான் இந்தக் கோளாற்றின் தாய்.

வெயிலிலும் அடி மேலோட்டமாக விழுந்தால் ஊசி முனை தேய்ந்திருக்கலாம். தோட்டாவின் விளிம்பு உட்காரும் பள்ளம் அளவுக்கு மீறி ஆழமாகி, அடி விழும்போது தோட்டா முன்னால் நழுவவும் வாய்ப்புண்டு. இரண்டும் பட்டறை வேலை. ஒரு குழலில் மட்டும் இப்படி என்றால் அந்தக் குழலைக் குறித்துக் கொடுங்கள், பாதி நேரம் மிச்சமாகும்.

வாத்துக்கு நேராகத்தான் சுட்டேன், விழவில்லை

அதிகம் கேட்கப்படும் புகார் இது. அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். சோக்கை அகலப்படுத்திவிடுங்கள் என்று யாராவது சொல்வார். அங்கேயே நிறுத்துங்கள். சூப்பர்-ஃபாக்ஸின் உயிர் அதன் குழல் வேலையில் இருக்கிறது. பிலடெல்ஃபியாவின் பெர்ட் பெக்கர் என்ற கைவினைஞரின் வழியில், 12 போருக்கு வழக்கமான 0.729 அங்குலத்தைவிட அகலமாக, சுமார் 0.740 அங்குலத்துக்குக் குடையப்பட்ட குழல் அது. அறையிலிருந்து குழலுக்கு இறங்கும் கூம்பும் நீளம். ரவை நெருக்கித் தள்ளப்படாமல் உருண்டை கெடாமல் போகட்டும் என்பது நோக்கம். 40 கஜத்தில் 80 சதவீத ரவை 30 அங்குல வட்டத்துக்குள் விழும் என்று கம்பெனி உறுதி சொன்னது. சாதாரண ஃபுல் சோக்குக்குச் சொல்லப்படும் கணக்கு 70 சதவீதம். ஒருமுறை அகலப்படுத்தினால் அந்தப் பத்துச் சதவீதம் திரும்ப வராது.

ஆகவே முதலில் காகிதம். நான்கடிச் சதுரக் காகிதத்தை 40 கஜத்தில் நிறுத்தி, நடுப் புள்ளிக்குச் சுடுங்கள். ரவை அடர்ந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல வட்டம் வரைந்து துளைகளை எண்ணுங்கள். மொத்தம் எத்தனை ரவை என்பதைப் பெட்டியைப் பார்த்து ஊகிக்காமல் ஒரு தோட்டாவைப் பிரித்து எண்ணிவிடுங்கள். ஈயத்தில் 4-ஆம் எண் ரவை அவுன்ஸுக்கு 135 என்பது கணக்கு. 1⅜ அவுன்ஸில் ஏறக்குறைய 185 இருக்கும். அதில் 80 சதவீதம் என்றால் 148 துளை. ஈயத்துக்கு மாற்றாக இன்று போடும் பிஸ்மத் உலோகம் ஈயத்தைவிட எடை குறைந்தது, அதனால் அதே அளவு ரவை அவுன்ஸுக்குக் கூடுதலாக வரும். பழைய அட்டவணையை வைத்துக் கணக்கிட்டால் துப்பாக்கிக்கு வீண் புகழ் கிடைக்கும். ஒரே காகிதத்தை நம்பாமல் ஒவ்வொரு குழலுக்கும் ஐந்து காகிதமாவது சுடுங்கள்.

காகிதம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

வட்டம் இறுக்கமாக, நடுவில் கொத்தாக இருக்கிறதா? துப்பாக்கி சரி. 40 கஜத்தில் 80 சதவீதம் போடும் குழல் 20, 25 கஜத்தில் மிகச் சிறிய வட்டமே போடும். பொம்மை வாத்துகளுக்கு மேல் சிறகை விரித்து இறங்கும் பறவைக்கு இது வேண்டாத இறுக்கம். ஒன்று தவறும், அல்லது கறி மிஞ்சாது. வானில் கடந்து போகும் பறவைக்குச் செய்த துப்பாக்கியைக் கிட்டத்துக்குக் கொண்டுபோனது யார் என்பதுதான் கேள்வி.

ஓட்டைகளோடு ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கிறதா? தோட்டாவை மாற்றுங்கள். இரும்பு ரவையை இந்தச் சோக்கில் போட்டால் இப்படித்தான் வரும், அதைவிடப் பெரிய தீங்கும் வரும். அதை அடுத்த அறிகுறியில் சொல்கிறேன். பிஸ்மத் போட்டும் சிதறினால், காகிதத்தில் பொடிப்பொடியான சிறு துளைகள் இருக்கின்றனவா என்று உற்றுப் பாருங்கள். பிஸ்மத் எளிதில் நொறுங்கும். வேகமான தோட்டா, இறுகிய சோக், இரண்டும் சேர்ந்தால் ரவை உடைந்து தூளாகும். விநாடிக்கு 1,200 அடி அளவிலான நிதானமான தோட்டாவுக்கு இறங்கினால் வட்டம் பெரும்பாலும் தானே கூடிவரும். கையில் பணமிருந்தால் டங்ஸ்டன் மேட்ரிக்ஸ் என்ற ரவை இருக்கிறது. அது பிஸ்மத்தைவிடக் கனம், ஈயம்போல மென்மை, நொறுங்காது. விலையைக் கேட்டால்தான் நமக்கு வலிக்கும்.

வட்டம் நன்றாகவே இருந்து, குறிவைத்த புள்ளிக்கு அப்பால் விழுகிறதா? இரு குழல்களையும் தனித்தனியாக, முட்டுக்கொடுத்துச் சுடுங்கள். இரட்டைக் குழல்கள் ஒரே புள்ளியில் சேரும்படி ஒரு குறிப்பிட்ட எடையும் வேகமும் உள்ள தோட்டாவுக்கு இணைக்கப்பட்டவை. இலேசான, அதிவேகத் தோட்டாவில் அவை விலகி விழலாம். பழைய எடைக்கு, 1¼ அவுன்ஸுக்கு, திரும்பிப் பாருங்கள்.

எல்லாம் பரவலாக, 55, 60 சதவீதம்தான் வருகிறதா? அப்போதுதான் சோக்கை அளக்க வேண்டும். அதற்குக் காசை எடுக்காதீர்கள். அமெரிக்கப் பத்து சென்ட் காசின் விட்டம் 0.705 அங்குலம். அது குழல் வாயில் நுழைந்தால் ஃபுல் சோக் இல்லை என்பது வழிவழியாக வரும் சோதனை. 0.740 குழலில் வாய் 0.706 இருந்தால் காசு உள்ளே விழும், ஆனால் நெருக்கம் 0.034 அங்குலம், கிட்டத்தட்ட முழு ஃபுல் சோக். நல்ல சூப்பர்-ஃபாக்ஸை 'வாய் வெட்டப்பட்டது' என்று பழி சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் இந்தக் காசைத்தான் நீட்டுவார்கள். குழலின் உட்புறத்தையும் வாயையும் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் கொண்டு தனித்தனியே அளந்து கழியுங்கள். உண்மையாகவே வெட்டப்பட்டிருந்தால் முன்னாலிருந்து பார்க்கும்போது இரு குழல் வாய்களுக்கிடையே இடைவெளி தெரியும், அதை ஈயமோ வேறெதுவோ வைத்து அடைத்திருப்பார்கள். அந்த நோய்க்கு மருந்தில்லை.

குழல் வாய்க்குச் சற்றுப் பின்னால் ஒரு வளையம்

வெளிச்சத்தைக் குழலின் நீளத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். நேராக ஓடும் ஒளிக்கோடு ஓரிடத்தில் மோதிரம்போல உடைந்தால் வீங்கியிருக்கிறது. சோக் தொடங்கும் இடத்தில் என்றால், காரணம் ஏறக்குறைய எப்போதும் இரும்பு ரவை.

1991-92 பருவத்திலிருந்து அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவைக்கு ஈயம் தடை. கடையில் மலிவாகக் கிடைப்பது இரும்பு. ஈய ரவை சோக்கில் நெருக்கும்போது நசுங்கி வழிவிடும், இரும்பு விடாது. குழல்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். ஃபாக்ஸின் குரோமாக்ஸ் எஃகு அந்தக் காலத்துக்கு நல்ல எஃகுதான். இருந்தாலும் அது ஈயத்துக்குச் செய்தது. கம்பெனி இருந்த நாளில் இரும்பு ரவை என்ற பேச்சே இல்லை.

வளையம் இலேசாக இருந்தால் அனுபவமுள்ளவர் உள்ளிருந்து தாங்கி வெளியிலிருந்து தட்டிச் சமன் செய்ய முடியும். அதற்குமுன் குழல் சுவரின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். மெலிந்த சுவரில் தட்டும் வேலை வேண்டாம். அளந்து முடியும்வரை ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள். வளையம் சோக்கில் இல்லாமல் குழலின் நடுவில் இருந்தால் அது வேறு கதை: சேறு, பனி, சிக்கிய தக்கை, ஏதோ ஒன்று அடைத்திருந்தபோது சுட்டிருக்கிறார்கள். அந்தக் குழலைச் சுவரில் மாட்டலாம்.

காலிக்கூடு சிக்கிக்கொள்கிறது, திறக்கவே இறுக்கமாக இருக்கிறது

சிக்கிய கூட்டை எடுத்ததும் அதன் வாயைப் பாருங்கள். வாய் ஓரம் கிழிந்து, பிசிறு பிசிறாக, உள்நோக்கி மடங்கியிருந்தால் இது இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான அறிகுறி. அறை குட்டை, தோட்டா நீளம்.

தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது சுட்டபின் விரிந்த நீளம். மடித்த வாயோடு இருக்கும் 3 அங்குலத் தோட்டா 2¾ அங்குல அறைக்குள் சுகமாக நுழையும், துப்பாக்கியும் எதிர்ப்பில்லாமல் மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் கூம்பை அடைக்கும், அழுத்தம் எகிறும். தோளில் அடி வழக்கத்தைவிடக் கூர்மையாக விழுவதும், ப்ரைமர் தட்டையாகிப் போவதும், திறக்க முரண்டுவதும் ஒரே காரணத்தின் முகங்கள். சூப்பர்-ஃபாக்ஸில் 2¾ அங்குல அறையும் உண்டு, 3 அங்குல அறையும் உண்டு. பின்னாளில் யாராவது குடைந்து நீட்டியதும் உண்டு. பேச்சை நம்பாமல் சேம்பர் கேஜ் போட்டு அளந்துவிடுங்கள்.

3 அங்குலம் என்றே தெரிந்தாலும் விஷயம் முடியவில்லை. அன்றைய 3 அங்குலத் தோட்டாவில் 1⅜ அவுன்ஸ் ரவை. மாடல் 12 ஹெவி டக் வந்தபோது அது 1⅝ ஆனது. இன்றைய மேக்னம் 2 அவுன்ஸ் வரை போகிறது. நீளம் ஒன்றுதான், உள்ளிருப்பது ஒன்றல்ல. ஃபாக்ஸுக்கு 1⅜-க்கு மேல் எதற்கு?

வாய் சுத்தமாக, வெறும் இறுக்கம் மட்டும்தான் என்றால் கவலை குறைவு. அறையில் துருப்பள்ளமோ பழைய பிளாஸ்டிக் படிவோ இருக்கும். வெண்கலத் தூரிகையும் கரைப்பானும் முதல் வைத்தியம். மலிவுத் தோட்டாக்களின் அடிமூடி எஃகால் ஆனது, அது சுட்டபின் பித்தளைபோலச் சுருங்காது. பித்தளை அடிமூடிக்கு மாறினாலே பல 'எஜெக்டர் (காலிக்கூட்டை வெளியே எறியும் அமைப்பு) கோளாறுகள்' மறைந்துவிடும். அப்புறமும் ஒரு பக்கக் கூடு மட்டும் எகிறாமல் நின்றால்தான் முன்கட்டையிலுள்ள எஜெக்டர் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

மூடினால் குழல் ஆடுகிறது. மேல் நெம்புகோல் இடப்பக்கம் போய்விட்டது

முன்கட்டை தன் ஸ்பிரிங் இறுக்கத்தால் தளர்ச்சியை மறைக்கும். அதைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியின் கைப்பிடியைப் பிடித்துக் குலுக்குங்கள். 'களக் களக்' என்றால் கீல் தேய்ந்திருக்கிறது.

ஃபாக்ஸில் சுழலும் பூட்டு ஒன்று, தேய்மானத்தைத் தானே ஈடுகட்டும்படி சரிவாக வெட்டப்பட்டது. புதிதில் நெம்புகோல் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் நிற்கும், பல்லாயிரம் முறை மூடித் திறந்தபின் மெல்ல நடுவுக்கு வரும். நடுவில் நின்றால் வயது, இடப்பக்கம் தாண்டினால் வேலை வந்துவிட்டது. குழல் ஆடாமல் நெம்புகோல் மட்டும் நடுவில் நின்றால் எதையும் தொடாதீர்கள்.

கீலின் கொக்கியைச் சுத்தியலால் தட்டிப் பிதுக்குவது, பானக் குவளைத் தகட்டை வெட்டிச் செருகுவது எல்லாம் விற்பதற்கு முதல்நாள் செய்யும் வேலை. சரியான முறையில் கொக்கியில் உலோகம் சேர்த்து மறுபடி பொருத்துவார்கள், அல்லது முளையை மாற்றுவார்கள். எது என்பதைப் பட்டறைக்காரர் சொல்லட்டும்.

மாடல் 12-இல் குழல் ஆடினால் அஞ்ச வேண்டாம். கழற்றி மாட்டும் இணைப்பில் இதற்கென்றே பல்வைத்த வளையம் இருக்கிறது. பூட்டுத் திருகைத் தளர்த்தி ஒரு பல் நகர்த்தினால் போதும்.

ஒரு விசையை இழுத்தால் இரு குழலும் வெடிக்கின்றன

அன்றைய வேட்டை அங்கேயே முடிந்தது. வீட்டில், பொய்த் தோட்டா போட்டு, முன்விசையை மட்டும் இழுத்தபின் அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் ஓங்கித் தட்டுங்கள். மற்றச் சுத்தியல் தானாக விழுந்தால், அதைப் பிடித்து நிற்கும் பல் தேய்ந்திருக்கிறது அல்லது விசையை இலேசாக்குகிறேன் என்று யாரோ உரசியிருக்கிறார்கள். பட்டறைக்கு அனுப்புங்கள். விழவே இல்லையென்றால் காரணம் உங்கள் விரலாகவும் இருக்கலாம்: கனமான தோட்டாவின் உதையில், தளர்ந்த பிடியில், விரல் பின்விசையில் போய் மோதும். தடிமனான கையுறை போட்டால் இன்னும் எளிதாக மோதும். இருந்தாலும் பட்டறையில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சுடுவதே நல்லது.

மாடல் 12 விசையைப் பிடித்தபடி பம்ப்பை முன்தள்ளினால் தானே வெடிக்கிறது என்பார்கள். அது அதன் பிறவிக் குணம். விசையைத் துண்டிக்கும் அமைப்பு அதில் கிடையாது. விரலை எடுத்துவிட்டுத் தள்ளப் பழகுங்கள்.

கட்டையில் விரிசல்

எல். சி. ஸ்மித் என்றால் பக்கத் தகடுகளுக்குப் பின்னால் பாருங்கள். பூட்டுக்கு இடம்விட மரத்தைக் குடைந்து எடுத்ததில் அங்கே தாங்க ஆளில்லை. ஃபாக்ஸ் என்றால் கட்டைமேல் நீண்டிருக்கும் உலோக மேல் நாக்குக்குப் பின்னால். காரணம் பெரும்பாலும் மூன்று: திருகுகள் தளர்ந்து கட்டை ஒவ்வொரு உதைக்கும் முன்பின் நகர்வது, எண்ணெய் ஊறி மரம் பஞ்சாகிப் போவது, அளவுக்கு மீறிய தோட்டா. முதலில் சொன்ன எண்ணெய் ஊற்றும் பழக்கம் இங்கேயும் வந்து நிற்கிறது: துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தால் அது வடிந்து கட்டையின் தலைக்குள்தான் இறங்கும்.

மயிரிழை விரிசல் என்றால் தப்பிக்கலாம். கட்டையைக் கழற்றி, சுண்ணக்கட்டித் தூளையும் அசிட்டோனையும் குழைத்துப் பூசி, காயவிட்டு, எண்ணெய் உறிஞ்சி நிறம் மாறியதும் தட்டி எடுத்து, மறுபடி பூசுங்கள். தூள் வெள்ளையாகவே நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். எண்ணெய் இருக்கும் மரத்தில் எபாக்ஸிப் பசை பிடிக்காது. கைப்பிடிக் கழுத்தே முறிந்திருந்தால் புதுக் கட்டை பற்றி யோசிக்கலாம். ஆனால் முறிந்த பழையதை எறிந்துவிடாதீர்கள். மெம்ஃபிஸின் வேட்டை எழுத்தாளர் நாஷ் பக்கிங்ஹாமுக்கு பெக்கர் ஃபாக்ஸ் உடலில் செய்துகொடுத்த 'போ-வூப்' 1948 டிசம்பரில் ஆர்கன்சாவின் கிளாரண்டன் அருகே காரின் மேல் வைத்து மறந்துபோனதில் தொலைந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அது வெளிவந்தபோது கட்டை முறிந்திருந்தது. 2010-இல் ஏலத்தில் 2,01,250 டாலருக்குப் போனது.

சதுப்பிலிருந்து வந்தபின் குழல் ஓரம் துரு கசிகிறது

குழல்களைத் தனியாகக் கழற்றி, கொக்கியில் ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு விரல் கணுவால் சுண்டுங்கள். மணிபோல நீண்டு ஒலித்தால் பற்று உறுதி. 'டொக்' என்று அடங்கினால் இரு குழலுக்கும் நடுவிலுள்ள பட்டை எங்கோ பற்றுவிட்டிருக்கிறது, உள்ளே தண்ணீர் நிற்கிறது. மறுபடி பற்றவைக்கத் தரும்போது நிறம் ஏற்றுவதைப் பற்றியும் பேசிவிடுங்கள். நவீனத் துப்பாக்கிகளுக்குச் செய்வதுபோலக் கொதிக்கும் காரக் கரைசலில் முக்கக் கூடாது. அது ஈயப்பற்றை அரித்து, பட்டைக்கடியில் தங்கி, மாதங்கள் கழித்தும் துருவாகக் கசியும். மெல்லத் துருவேற்றிக் கருக்கும் பழைய முறை மட்டும்தான் இதற்குப் பொருந்தும். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், எனவே பருவம் முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள்.